கூடுவாஞ்சேரி ஆடும் கல்கத்தா வண்டியும்

பென்னி, ஷீலா, இரண்டு பேரும் இதைப் பொறுமையாகப் படிக்கவேண்டும்.

உங்களைப் பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்கு அழைத்துப்போனார்கள். வந்ததும் பயணக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். இரண்டையும் படித்தேன். பேருந்து புறப்பட்டது, பூங்கா அழகாக இருந்தது, பேருந்து திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். மலை வளைவில் பென்னி டிரைவர் முதுகில் வாந்தி எடுத்ததை இரண்டு பேருமே எழுதவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் கட்டுரை.

"நீ எங்கயாவது போயிருக்கியாப்பா?" என்று ஷீலா கேட்டாள். போயிருக்கிறேன். கூடுவாஞ்சேரிக்கு. சிரித்தது போதும். ஒரு பொட்டலம் கடலை தீர்வதற்குள் ரயிலில் போய்விடுகிற ஊர்தான். ஆனால் உங்கள் அம்மாவை நான் பார்ப்பதற்கு முந்தைய அந்தக் காலத்தில் எங்களுக்கு அது அயல்நாடு. தாம்பரத்துக்காரன் வடக்கேதான் போவான். வேலை, சினிமா, பெரிய ஆஸ்பத்திரி, கடற்கரை எல்லாம் அந்தப் பக்கம். தெற்கே போக எனக்கு முதன்முதலாகக் காரணம் கிடைத்தது லெஃப்ட்டு தயாவால்.

தயாளன் எங்கள் தெருக் கால்பந்து கிளப்பின் ஸ்டிரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் போடுகிறவன். வீடு பொழிச்சலூரில். பம்மல் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பச்சைத் தோலுக்கு உப்புத் தடவுகிற வேலை. வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வருவான். அவன் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். "அவனை யார் ஒட்டி நின்னு மார்க் பண்றது, கிட்ட போனா மயக்கம் வருது" என்று எதிர் டீம்காரர்கள் சொல்வார்கள். விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்தில் தொடர்வது பொழிச்சலூர்க்காரர்களின் பழக்கம். தயா பந்து விளையாடுவதும் அப்படித்தான் இருக்கும். இடது காலில் பந்தோடு ஓடிவந்து திடீரென்று நிற்பான். எதிராளி தாண்டிப் போய்விடுவான். இவன் விட்ட இடத்தில் தொடர்வான்.

எனக்கு விளையாட வராது. நான் மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறவன். ஆனால் தயா ஆடிய ஆட்டத்தில் நான் பார்க்காத ஆட்டம் கிடையாது. அவன் கோல் போட்டால் வலது கையை ஒரு முறை உயர்த்துவான், அவ்வளவுதான். குதிப்பது, கட்டிப்பிடிப்பது, மண்ணில் உருள்வது எல்லாம் நாங்கள்.

அந்தக் கோடையில் அவனைக் கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப் கூப்பிட்டுவிட்டது. சம்பளம், தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு. ஒரே நிபந்தனை. அங்கே போனதும் அவர்களுடைய டாக்டர் முட்டி, கணுக்கால் எல்லாம் தட்டிப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் கையெழுத்து. இல்லையென்றால் அடுத்த வண்டியில் திரும்பி வந்து உப்புத் தடவ வேண்டியதுதான்.

திங்கட்கிழமை வண்டி. அதற்கு முந்தைய சனியும் ஞாயிறும் கூடுவாஞ்சேரியில் எழுவர் கால்பந்துப் போட்டி.

எங்கள் கிளப் செயலாளர் ஜெயராஜ் சார், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "தயா, நீ ரெஸ்ட் எடு. வேடிக்கை பார். கால் இப்ப உன்னோடது மட்டும் இல்லப்பா."

"சார், கடைசி ஆட்டம் ஆடாம ரயில் ஏறினா, கல்கத்தா வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது சார்."

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பேனர் எழுதினோம். யோசனை கன்னியப்பனுடையது. அவன் தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம், என் உயிர் நண்பன், குரல் மட்டும் எட்டு பேருக்கு உண்டு. பழைய வேட்டிகளைத் தைத்து, சிவப்பு எழுத்தில், "திங்களன்று கல்கத்தா செல்லும் எங்கள் இடது தங்கக்காலே, வருக!" என்று எழுதி, இரண்டு மூங்கிலில் கட்டினோம். ஒரு மூங்கில் அவன் கையில், ஒன்று என் கையில்.

சனிக்கிழமை. வண்டியில் பேனர் நுழையவில்லை. மூங்கிலைக் குறுக்கே போட்டால் ஒரு அம்மாவின் பூக்கூடையில் குத்தியது, நிமிர்த்தினால் மின்விசிறியில் இடித்தது. கடைசியில் ஜன்னல் வழியாக வெளியே நீட்டினோம். வண்டலூர் தாண்டியதும் காற்றில் துணி பிரிந்துகொண்டு, "தங்கக்காலே" என்ற பகுதி மட்டும் ரயிலோடு பறந்தது. தண்டவாளத்து ஓரமாக மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். சாமி என்று நினைத்தாரோ, கட்சி என்று நினைத்தாரோ தெரியாது. கூடுவாஞ்சேரியில் இறங்கியதும் வெள்ளரிப்பிஞ்சு விற்றவரிடம் வாங்கிக் கடித்தோம். மிளகாய்த்தூள் தாராளம். தாம்பரத்து வியாபாரிகள் தூளைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். கூடுவாஞ்சேரி பற்றி எனக்கு முதல் நல்ல எண்ணம் அங்கே வந்தது.

மைதானம் ஏரி ஓரத்தில். ஏரியில் தண்ணீர் இல்லை. தரை மண்பானை ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது, புல் என்று சொல்ல எதுவும் கிடையாது. ஊரைச் சுற்றி வயல்கள் எல்லாம் மனையாகிக்கொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் வெள்ளையடித்த எல்லைக்கற்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கருப்புக் கிடாவைக் கட்டி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அதுதான் பரிசு. அந்தப் பக்கத்துப் போட்டிகளில் கோப்பையை யாரும் மதிப்பதில்லை. கோப்பையை வைத்துக் குழம்பு வைக்க முடியுமா? ஆட்டைக் கண்ணெதிரே கட்டிவைத்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும் என்று விழாக்காரர் ஒருவர் எனக்கு விளக்கினார். கிடா தன் மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது.

அன்றைய ஆட்டத்தில் சுலபமாக ஜெயித்தோம். தயா இரண்டு கோல். நாங்கள் பேனரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தையே சுற்றி வந்தோம். கன்னியப்பன் உள்ளூர்க்காரர்களைப் பார்த்து, "நல்லா பாத்துக்கோங்கபா! இன்னிக்கும் நாளைக்கும்தான் ஓசி! திங்கக்கெழமையிலேருந்து கல்கத்தாவுக்குப் போனாத்தான் பாக்க முடியும்! அங்க டாக்டரு காலைத் தட்டிப் பாத்து, கையெழுத்து வாங்கிப்பாங்கோ!" என்று கத்தினான்.

நாங்கள் செய்தது என்னவென்று பரோட்டாக் கடையில்தான் புரிந்தது. ஸ்டேஷன் எதிரே ஓலைக் கொட்டகைக் கடை. பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு மேலே சால்னாவைக் கிணற்றில் இறைத்த மாதிரி ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் கிண்ணத்தில் அளந்து வைப்பார்கள். சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சில் உள்ளூர்ப் பையன்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"நாளைக்கு ஃபைனல்ல நம்ம கல்லு மாணிக்கம்தான அவனை மார்க் பண்றாரு?"

"பின்ன? அவனுங்களே எழுதித் தூக்கிக்கினு வந்திருக்கானுங்களே, எந்தக் கால்னு."

நான் பரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டேன். ஆட்டக்காரனின் எந்தக் கால் விலையுயர்ந்தது, எப்போது வரைக்கும் அது பத்திரமாக இருக்கவேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதி எதிரியின் ஊருக்கே எடுத்துவந்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

கல்லு மாணிக்கத்தை அன்றே காட்டினார்கள். மனைகளுக்கு எல்லைக்கல் நடுகிறவர். தோளும் தொடையும் அந்தக் கற்களைப் போலவே இருந்தன. கூடுவாஞ்சேரி டீமின் பின்காவல். அவர் மோதி இரண்டு பேர் காலில் மாவுக்கட்டோடு போயிருப்பதாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். வைத்து என்ன? கூடுவாஞ்சேரிக்காரர்கள் அதை மனப்பாடம் செய்திருந்தார்கள். தயா உள்ளே வந்ததும் ஆரம்பித்தார்கள்.

"தங்கக்காலே வருக! நொண்டிக்கினே போக!"

"ஏம்பா, கல்கத்தா வண்டியில தூக்குக் கட்டில் வைப்பாங்களா?"

கன்னியப்பன் சும்மா இருப்பானா? "யோவ் கல்லு! ஆட்டம் முடிஞ்சதும் எங்கயாவது நட்டுட்டுப் போ, யாராவது மாடு கட்டிப்பாங்க!" என்றான். நானும் கத்தினேன். உங்கள் அப்பாவுக்குத் தொண்டை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் எங்கள் சத்தம் அடங்கிவிட்டது. தயாவிடம் பந்து போனால் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறவர்கள் நாங்கள். அன்றைக்குப் பந்து அவனிடம் போகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "ஐயோ, அவனுக்கு ஏன்டா குடுக்கறே!" என்று கன்னியப்பன் எங்கள் ஆட்டக்காரனையே திட்டினான். ஒரு முறை மாணிக்கம் தோளால் இடித்து, தயா புழுதியில் உருண்டான். எழுந்து நின்று முட்டியைத் தட்டிவிட்டு ஓடினான். இன்னொரு முறை விழுந்தபோது கொஞ்சம் தாமதமாக எழுந்தான்.

பாதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு கோல். நாங்கள் எல்லோரும் கயிற்றோரம் போய் ஒரே குரலில் கத்தினோம். "சார், தயாவை வெளிய எடுங்க! வெளிய எடுங்க!"

நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க தாம்பரத்து ஆளுங்கதானே?" என்றார்.

"ஆமாங்க."

"அவன் உங்க ஆளுதானே?"

"ஆமாங்க."

"நல்லாத்தானே ஆடறான்?"

"ரொம்ப நல்லா ஆடறாங்க. அதான்."

அவர் எனக்கு ஒரு நுங்கு கூடுதலாகக் கொடுத்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும்.

ஜெயராஜ் சாரும் கையசைத்துக் கூப்பிட்டார். தயா எங்கள் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் காட்டி, கொஞ்சம் இருங்கள் என்பதுபோலச் சிரித்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஆட்டம் முடியப்போகிறது. நடுக்கோட்டில் தயாவுக்குப் பந்து கிடைத்தது. இடது ஓரமாக ஓடினான். எதிரே மாணிக்கம் ஒருவர்தான். அவர் பாய்ந்து வந்தார். இரண்டு பேரும் ஒரே புழுதிக்குள் போனார்கள். கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை, ஆனால் எனக்கும் புழுதிதான் தெரிந்தது. அதற்குள்ளிருந்து தயா மட்டும் நின்ற நிலையில் வெளியே வந்தான், பந்தோடு. மாணிக்கம் மல்லாந்து கிடந்தார். தயா இடது காலால் மெதுவாக, தபால் பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி, பந்தைக் கோலுக்குள் தள்ளினான். வலது கையை ஒரு முறை உயர்த்தினான்.

நாங்கள் உருண்ட உருளலில் என் சட்டை முதுகில் இரண்டாகக் கிழிந்தது. கூடுவாஞ்சேரிப் பக்கமிருந்து மாணிக்கத்துக்கு வசவு விழுந்துகொண்டிருந்தது. "இன்னா மாணிக்கம், அவன் கல்யாணத்துக்கு ஆட்டை மொய் எழுதிட்டியா?" "கால் வழுக்கிச்சா, கை நீட்டிக் காசு வாங்கினியா?" அவர் எழுந்து முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

பயணத்தின் கஷ்டம் இனிமேல்தான். ஜெயித்த ஆட்டை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது? யாரும் யோசிக்கவில்லை. பேருந்து கண்டக்டர் விசில் ஊதி எங்களை இறக்கிவிட்டார். ரயிலில் ஏற்றினால் ஒருவர் "இது என்ன ஆட்டுக் கொட்டகையா?" என்று சண்டைக்கு வந்தார். கன்னியப்பனுக்குத்தான் வழி தெரியும். காய்கறிக் கூடைகள் ஏற்றுகிற பெட்டிக்கு எங்களை ஓட வைத்தான். அங்கே எல்லோரும் அவனுக்குத் தெரிந்தவர்கள். கிடா ஏறியதும் ஒரு அம்மாவின் கீரைக்கட்டில் வாய் வைத்தது.

"தே, ஆட்டைப் புடிபா! பேஜாரா கீது!" என்று அந்தம்மா கத்தினார். "எங்கேருந்து இட்டுனு வர்றீங்கோ இத்த?"

"பந்து விளையாடி ஜெயிச்சோம்க்கா."

"ஆடா விளையாடிச்சு?"

பெட்டியே சிரித்தது. தயா தரையில் உட்கார்ந்து ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் இடது முட்டி லேசாக வீங்கியிருந்ததா, இல்லை என் பயமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வீக்கமில்லை. "கிடாவுக்குப் பேர் வைக்கலாம் சார்" என்றான் தயா. "பேர் எல்லாம் வைக்காதே. அப்புறம் சாப்பிட முடியாது" என்றார் ஜெயராஜ் சார்.

திங்கட்கிழமை. பேர் வைக்காததால் மத்தியானம் பிரியாணியாயிற்று. தயாவுக்கு ஒரு தூக்குவாளியில் கட்டிக்கொடுத்தோம். தெருவே திரண்டு சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போனது. எழும்பூர் என்றால் எங்களுக்குச் சொந்த வீடு மாதிரி. சென்ட்ரல் அப்படியில்லை. அங்கே ரயில்களும் பெரியவை, ஆட்களும் வேகமானவர்கள், அறிவிப்பில் பாதி ஊர்ப் பெயர்கள் எனக்குப் புரியவில்லை. தயாவுக்கு மாலை போட்டு, தோளில் தூக்கி, "லெஃப்ட்டு! லெஃப்ட்டு!" என்று கத்திக்கொண்டு போனோம்.

அவன் பெட்டியில் ஒரு வங்காளிக் குடும்பம். வேட்டி கட்டிய பெரியவர் பயந்துபோய், பெட்டி தூக்கிவந்த கூலிக்காரரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். கூலிக்காரர் தமிழில் சொன்னார். "இவர் மந்திரியா, சினிமாக்காரரான்னு கேக்கறாரு." ஜெயராஜ் சார் ஆங்கிலத்தில் விவரம் சொல்லி, கிளப்பின் பெயரையும் சொன்னார். பெரியவரின் முகம் சுண்டிவிட்டது. அவர் அந்த ஊரிலேயே எதிர் கிளப்பின் பரம ரசிகராம். ஆனாலும் டப்பாவைத் திறந்து வெள்ளையாக ஒரு பால் இனிப்பை எடுத்துத் தயாவின் கையில் வைத்து ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். சார் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "சாப்பிடு தம்பி. ஆனா எங்க மேல மட்டும் கோல் போடாதே. மத்த எல்லார் மேலயும் போடு."

நடைமேடையில் கன்னியப்பன் ஞாயிற்றுக்கிழமைக் கோலை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். "நம்மாளு ஒரு வெட்டு வெட்டினான் பாரு, கல்லு அப்டியே ஃபிளாட்டு!" கூலிக்காரர்கள் வரைக்கும் கூட்டம். தயா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"டேனி, நான் அவரை ஏமாத்தலடா."

"என்னடா சொல்றே?"

"அவர் பந்துக்குத்தான் வந்தாரு. பந்து எகிறிடுச்சு. கால் நேரா என் முட்டிக்கு வந்துக்கினு இருந்தது. நான் முடிஞ்சுதுன்னே நினைச்சேன். அவர் பாதியில காலை இழுத்துக்கிட்டாரு. இழுத்ததுலதான் அவரு விழுந்தாரு. அப்புறம் கை குடுக்கும்போது, 'முட்டி பத்திரம்'னாரு. அவ்ளோதான்."

வண்டி அசைந்தது. இரண்டு நாளாக அவனிடம் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். உன் ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஒரு வாரம் முழுக்கப் பெட்டி கட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை வரும் என்ற தைரியத்தில்தான் திங்கட்கிழமை எழுந்திருப்பேன் என்றெல்லாம். வாயில் வந்தது வேறு.

"தயா, தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிடா!"

"சரிடா!" என்றான். நாங்கள் நடைமேடை முடியும்வரை ஓடினோம். அவன் வலது கையை ஒரு முறை உயர்த்தினான். கோலுக்குத் தூக்குகிற அதே அளவு, அதற்கு மேல் இல்லை. கன்னியப்பன் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேர்வைடா, சென்ட்ரல்ல காத்தே இல்ல" என்றான்.

அந்த வாரக் கடைசியில் ஜெயராஜ் சாரின் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் வந்தது. டாக்டர் தட்டிப் பார்த்தாராம். சரி என்றாராம். கையெழுத்து ஆயிற்றாம். பிரியாணி ஒரிசாவில் கட்டாக் வரைக்கும் தாங்கியதாம், எதிர் கிளப் பெரியவருக்கும் பங்கு போயிற்றாம். சார் மணி அடிக்கிறவரைக்கூடக் கேட்காமல் பள்ளிக்கூட மணியை அடித்துவிட்டார் என்று சொன்னார்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் கூடுவாஞ்சேரி டீம் தாம்பரத்துக்கு ஆட வந்தது. மாணிக்கம் உள்ளே வந்ததும் எங்கள் ஆட்கள் எழுந்து நின்றார்கள். "ஆட்டு வள்ளல் வாழ்க! இந்த வாட்டி இன்னா அண்ணே, மாடா?" என்று கன்னியப்பன் தொடங்கிவைக்க, மைதானமே ஆட்டைப் போலக் கத்தியது. அவருடைய ஊர்க்காரர்களில்கூடச் சிலர் சிரித்தார்கள். தயா சொன்னதை நான் கன்னியப்பனிடம் முன்பே சொல்லியிருந்தேன். "போடா, தயா நல்ல புள்ள, அப்டித்தான் சொல்லும்" என்று அவன் நம்பவில்லை.

எங்கள் புது ஸ்டிரைக்கர் பந்தோடு பாய்ந்து போனான். மாணிக்கம் குறுக்கே வந்து, அவன் மேல் தூசுகூடப் படாமல், பந்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் முழுக்க "ச்சே" என்றது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

"டேய், உனுக்கு மூளை கீதா? அவன் எதிர் டீம்டா! உக்காரு!" என்று கன்னியப்பன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பின்னாலிருந்து யாரோ கொய்யாக்காயை எறிந்தார்கள். நான் உட்காரவில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரே ஒரு ஆள் கைதட்டினால் எவ்வளவு சின்னதாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் பலமாகத் தட்டினேன்.

மாணிக்கம் திரும்பிப் பார்த்தார். யாருக்குத் தட்டுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.